எந்த இயங்குதளம் உங்கள் கணினிக்குப் பொருந்தும்? முடிவெடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்துகொண்ட வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை என்று ஓராண்டு அவகாசம் அறிவித்தார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற கணினியை வைத்துக்கொண்டு இனி என்ன செய்வது என்று பலரும் யோசிக்கத் தொடங்கியது அப்போதுதான். விண்டோஸ் 11-க்குப் போவதா, இலவச இயங்குதளமான லினக்ஸைப் போடுவதா, ஆப்பிளின் மேக் வாங்குவதா என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வரும். அவரவர் வேலைக்கும் அவரவர் கணினிக்கும் அந்தப் பதில் சரியாகவே இருக்கும். உங்களுக்குச் சரியாக இருக்க வேண்டும் என்று இல்லை.

உங்களுக்கு எது பொருந்தும் என்பதை இரண்டு கேள்விகள் முடிவு செய்கின்றன. எந்த மென்பொருளை, எந்தக் கருவியை உங்களால் விடவே முடியாது? கையிலிருக்கும் கணினிக்கு இன்னும் எத்தனை ஆண்டு பாதுகாப்பு அப்டேட் வரும்? அழகு, வேகம், இலவசம் என்பதெல்லாம் இந்த இரண்டுக்கும் பிறகுதான்.

முதலில் ஒரு பட்டியல்

ஒரு வாரம், கணினியில் எதையெல்லாம் திறக்கிறீர்கள் என்று ஒரு தாளில் குறித்து வையுங்கள். மாதம் ஒருமுறை, ஆண்டுக்கு ஒருமுறை மட்டும் தேவைப்படுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரி தாக்கல் செய்ய மட்டும் திறக்கும் மென்பொருள், எப்போதோ ஒருமுறை பயன்படுத்தும் ஸ்கேனர் போன்றவைதான் பின்னால் காலை வாரிவிடும்.

பட்டியலில் பிரவுசருக்குள்ளேயே முடிந்துவிடுகிற வேலைகளை அடித்துவிடுங்கள். மின்னஞ்சல், வங்கித் தளம், வீடியோ, கூகுள் டாக்ஸ் ஆகியவை எல்லா இயங்குதளத்திலும் ஒன்றுபோலவே நடக்கும். எல்லாமே அடிபட்டுப் போனால் நீங்கள் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம். எது மிஞ்சுகிறதோ அதுதான் முடிவைச் சொல்லும்.

கணினியில் நிறுவிப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸ் விண்டோஸிலும் மேக்கிலும் ஓடும். லினக்ஸில் ஓடாது, அங்கே பிரவுசர் வழி ஆஃபிஸ் மட்டும்தான். லிப்ரே ஆஃபிஸ் என்ற இலவச மாற்று மென்பொருள் வேர்டு, எக்செல் கோப்புகளைத் திறக்கும், சேமிக்கும். கடிதம், விண்ணப்பம், சாதாரணக் கணக்குத் தாள் என்றால் குறை இருக்காது. மேக்ரோ (வேலைகளைத் தானாகச் செய்யும் சிறு நிரல்) எழுதிய எக்செல் தாள், பலர் மாறி மாறித் திருத்தக் குறிப்புகள் போட்ட வேர்டு கோப்பு, படமும் பெட்டியும் நெருக்கமாக அடுக்கிய பக்கம் ஆகியவற்றில்தான் கலைந்துபோகும். இதைத் தெரிந்துகொள்ள இயங்குதளத்தை மாற்ற வேண்டியதே இல்லை. லிப்ரே ஆஃபிஸை இப்போதிருக்கும் விண்டோஸிலேயே நிறுவி, உங்களிடமுள்ள கோப்புகளில் மிகச் சிக்கலானதைத் திறந்து பாருங்கள். அரை மணி நேரத்தில் பதில் தெரிந்துவிடும்.

ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர், பிரீமியர், ஆட்டோகேட் ஆகியவை விண்டோஸுக்கும் மேக்குக்கும் மட்டுமே. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டிக் காட்டும் வைன் என்ற கருவி இருக்கிறது. சில மென்பொருள் அதில் அருமையாக ஓடும், சில அடுத்த அப்டேட்டில் நின்றுபோகும். பிழைப்பு நடக்கிற மென்பொருளை அதை நம்பி மாற்றக் கூடாது. யுஎஸ்பி டாங்கிள் என்ற சிறு உரிமச் சாவியைச் செருகினால்தான் திறக்கும் கணக்கு மென்பொருள், டிஜிட்டல் கையொப்ப டோக்கன் இவற்றில் ஏதாவது இருந்தால், அதைக் கொடுத்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கு எந்த இயங்குதளத்துக்கான டிரைவர் (கருவியை இயங்குதளத்தோடு பேசவைக்கும் மென்பொருள்) இருக்கிறது என்று பார்க்காமல் அடுத்த அடி வைக்காதீர்கள்.

விளையாட்டு என்றால், ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் உள்ளவற்றில் பெரும்பகுதி புரோட்டான் என்ற அதன் கருவி வழியாக லினக்ஸில் ஓடுகிறது. வேலரன்ட், ஃபோர்ட்நைட் போன்றவை ஓடாது. ஏமாற்று ஆட்டத்தைத் தடுக்க அவை வைத்திருக்கும் காவல் நிரல் லினக்ஸை ஏற்பதில்லை. அந்த ஆட்டம் வேண்டும் என்றால் விண்டோஸ்தான், அதில் பேச்சுக்கு இடமில்லை.

இருக்கும் கணினியைச் சோதித்தல்

விண்டோஸ் 11-க்கு 64 பிட் பிராசஸர், 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், யுஇஎஃப்ஐ (கணினியைக் கிளப்பும் அடிப்படை மென்பொருளின் புதிய வகை), செக்யூர் பூட் வசதி (நம்பகமான மென்பொருளை மட்டும் கிளம்ப விடுவது), டிபிஎம் 2.0 சிப் (பாதுகாப்புக் குறிகளைக் காப்பது) ஆகியவை வேண்டும். பிராசஸர் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருக்க வேண்டும். இன்டெல் என்றால் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறையிலிருந்து, ஏஎம்டி என்றால் ரைஸன் 2000 வரிசையிலிருந்து. விதிவிலக்குகள் இருப்பதால் கண்மதிப்பில் முடிவு செய்யாமல், மைக்ரோசாஃப்ட் தரும் பிசி ஹெல்த் செக் என்ற சிறு மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். எது குறைகிறது என்பதையும் அது சொல்லும்.

பலருக்கு அதில் டிபிஎம் இல்லை என்று வரும். உடனே கணினியை ஒதுக்கிவிட வேண்டாம். சிப்பின் வேலையைச் செய்யும் வசதி பிராசஸருக்குள்ளேயே இருந்து, பயாஸில், அதாவது கணினி கிளம்பும்போது நுழையும் அடிப்படை அமைப்புத் திரையில், அணைத்து வைக்கப்பட்டிருப்பது மிகச் சாதாரணம். பயாஸில் டிபிஎம் என்ற பெயரைத் தேடினால் கிடைக்காமல் போகலாம். இன்டெல் பலகைகளில் பிடிடி என்றும், ஏஎம்டி பலகைகளில் எஃப்டிபிஎம் என்றும் இருக்கும். ஆனால் அதைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் டிஸ்க் பிட்லாக்கர் என்ற விண்டோஸின் பூட்டு வசதியால் பூட்டப்பட்டிருந்தால், டிபிஎம் அல்லது செக்யூர் பூட் அமைப்பை மாற்றிய அடுத்த நிமிடம் நீலத் திரை வந்து 48 இலக்க மீட்புக் குறியைக் கேட்கும். அது கையில் இல்லாவிட்டால் உள்ளே இருப்பது எதையும் மீட்க முடியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கின் சாதனங்கள் பக்கத்தில் பெரும்பாலும் அந்தக் குறி சேமிக்கப்பட்டிருக்கும். அதைத் தேடி எடுத்து, தாளில் எழுதி, வேறு இடத்தில் வைத்த பிறகு பயாஸுக்குள் போங்கள். பூட்டியதே நினைவில்லை என்று விட்டுவிடாதீர்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த பல லேப்டாப்களில் இந்தப் பூட்டு தானாகவே போடப்படுகிறது.

தகுதியில்லாத கணினியில் விண்டோஸ் 11-ஐக் குறுக்கு வழியில் நிறுவும் முறைகள் உண்டு. நிறுவிவிடலாம், ஆனால் அப்படிப்பட்ட கணினிக்கு அப்டேட் உறுதி இல்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்கிறது. பாதுகாப்புக்காக மாறிவிட்டு அதையே சந்தேகத்தில் வைப்பதில் பொருளில்லை. பிறருக்காக அமைத்துத் தரும் கணினியில் இதைச் செய்யவே கூடாது.

இன்னொன்றையும் இப்போதே பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க் என்பதைச் சொடுக்கினால் சுழலும் தட்டுள்ள எச்டிடியா, சுழலும் பகுதி இல்லாத வேகமான எஸ்எஸ்டியா என்று தெரியும். எச்டிடி என்று இருந்து, எதுவும் செய்யாதபோதே 100 சதவீதத்தில் நின்றால், கணினி மெதுவாக இருப்பதற்குக் காரணம் அந்தச் சுழலும் தட்டுதான். எந்த இயங்குதளம் போட்டாலும் பெரிய மாற்றம் வராது. எஸ்எஸ்டி மாற்றினால் இப்போதிருக்கும் விண்டோஸே வேறு கணினிபோல ஓடும். வேகம் மட்டுமே குறையாக இருந்து இயங்குதளத்தை மாற்ற நினைப்பவர்கள் முதலில் இதைச் செய்ய வேண்டும்.

விண்டோஸிலேயே தொடர்ந்தால்

பட்டியலில் விண்டோஸை விட முடியாத ஒரே ஒரு மென்பொருள் மிஞ்சியிருந்தாலும் விண்டோஸிலேயே இருப்பதுதான் சரி. அன்றாட வேலைக்கு நிர்வாகி உரிமை இல்லாத ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸோடு கூடவே வரும் டிஃபெண்டர் ஆன்டிவைரஸ் போதும். இரண்டாவது ஆன்டிவைரஸ் கணினியை மெதுவாக்குவதைத் தவிர வீட்டுப் பயனருக்குப் பெரிதாக எதுவும் செய்வதில்லை.

புதிதாக லேப்டாப் வாங்குபவர்கள் இரண்டு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். எஸ் மோட் என்று குறிப்பிட்டிருந்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இருப்பதை மட்டுமே நிறுவ முடியும். அதிலிருந்து கட்டணமில்லாமல் வெளியேறலாம், திரும்ப உள்ளே போக முடியாது. ஸ்னாப்டிராகன் பிராசஸர் கொண்ட லேப்டாப்களில் பேட்டரி நன்றாக நிற்கும், வழக்கமான மென்பொருளும் பெரும்பாலும் ஓடும். ஆனால் டிரைவர் மட்டும் அந்தப் பிராசஸருக்கென்றே எழுதப்பட்டிருக்க வேண்டும். பழைய ஸ்கேனரும் யுஎஸ்பி டாங்கிளும் அங்கேதான் நின்றுவிடுகின்றன.

மேக், குரோம் ஓஎஸ்

மேக் ஓஎஸ் ஆப்பிள் கணினியில் மட்டுமே. 2020 நவம்பரில் வந்த எம்1 முதல் ஆப்பிள் தன் சொந்தச் சிப்புக்கு மாறிவிட்டது. 2025-இல் வந்த டஹோதான் இன்டெல் மேக்குகளுக்கான கடைசிப் பதிப்பு, அதுவும் நான்கே மாடல்களுக்கு. எனவே பழைய மேக் வாங்குவதென்றால் இன்டெல் சிப் உள்ளதை, எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், தவிர்த்துவிடுங்கள். எம் வரிசை லேப்டாப்களில் ராமைப் பின்னால் கூட்ட முடியாது. வாங்கும் நாளில் எடுப்பதுதான் கடைசிவரை. விண்டோஸில் பயன்படுத்திய வெளி ஹார்ட் டிஸ்க் என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸின் கோப்பு முறையில் இருந்தால் மேக்கில் படிக்கலாம், எழுத முடியாது. இரண்டுக்கும் பொதுவாக வேண்டுமென்றால் கோப்புகளை வேறிடத்தில் எடுத்து வைத்துவிட்டு எக்ஸ்ஃபேட் என்ற முறையில் ஃபார்மேட் செய்யுங்கள்.

கூகுளின் குரோம் ஓஎஸ் கொண்ட லேப்டாப்பான குரோம்புக், வேலை பிரவுசரோடு முடிந்துவிடும் பயனருக்கு நல்ல பொருள். 2021 முதல் வெளிவந்த மாடல்களுக்கு 10 ஆண்டு அப்டேட் உண்டு. அந்தக் கணக்கு மாடல் வெளியான நாளிலிருந்து ஓடுவது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அல்ல. பழைய விண்டோஸ் கணினிகளில் போடக்கூடிய குரோம் ஓஎஸ் ஃப்ளெக்ஸும் இருக்கிறது. அதில் ஆண்ட்ராய்டு செயலிகள் வராது.

லினக்ஸ்: எதை எடுப்பது

விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை, விட முடியாத விண்டோஸ் மென்பொருளும் இல்லை என்றால் லினக்ஸ்தான் நேரான வழி. லினக்ஸ் வெவ்வேறு பெயர்களில் பல வகைகளாகக் கிடைக்கிறது. முதன்முறை வருபவருக்கு எங்கள் பரிந்துரை அவற்றில் ஒன்றான லினக்ஸ் மின்ட். கீழே பட்டை, இடது மூலையில் மெனு என்று விண்டோஸ் பழகிய கைக்கு இடம் தெரியும். உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸின் 24.04 பதிப்பை அடித்தளமாகக் கொண்ட மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. ராம் 2 ஜிபி போதும் என்று மின்ட் சொல்வது உண்மைதான், ஆனால் இன்றைய பிரவுசருக்கு அது போதாது. 4 ஜிபியில் சமாளிக்கலாம். அப்போது வழக்கமான சின்னமன் பதிப்பை விட்டு இலேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள். 8 ஜிபி இருந்தால் நிம்மதி.

உபுண்டுவின் எல்டிஎஸ் (நீண்ட கால ஆதரவு) பதிப்புகளும் நல்லவையே, 5 ஆண்டு அப்டேட் வரும். ஃபெடோராவில் ஒரு பதிப்புக்கு ஏறக்குறைய 13 மாதம்தான், ஆண்டுதோறும் மேம்படுத்த வேண்டும். மிகப் புதிய லேப்டாப்பில் மின்ட் திணறினால் ஃபெடோரா கைகொடுக்கும். ஆர்ச் போன்றவை அன்றாடப் பயனருக்கானவை அல்ல.

நிறுவாமலே ஓட்டிப் பார்த்தல்

லினக்ஸின் மிகப் பெரிய வசதி இது. பென்டிரைவிலிருந்தே முழு இயங்குதளத்தையும் ஓட்டிப் பார்க்கலாம், டிஸ்கில் ஒரு எழுத்துகூட மாறாது.

1. அதிகாரப்பூர்வ தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை (இயங்குதளம் முழுதும் அடங்கிய ஒரே கோப்பு) இறக்குங்கள். சுமார் 3 ஜிபி இருக்கும். கோப்பு பிழையின்றி வந்ததா என்று காட்டும் அதன் ஷா 256 எண்ணைத் தளத்தில் தந்திருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்கள். செவன் ஜிப் நிறுவியிருந்தால் கோப்பின் மேல் வலது சொடுக்கிலேயே அந்த எண் கிடைக்கும். பாதியில் அறுந்த பதிவிறக்கத்தால்தான் நிறுவல் நடுவில் புரியாத பிழைகள் வருகின்றன.

2. 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றில் ரூஃபஸ் அல்லது பலீனா எட்சர் என்ற மென்பொருளைக் கொண்டு அதை எழுதுங்கள். பென்டிரைவில் இருந்தது எல்லாம் அழிந்துவிடும். ஐஎஸ்ஓ கோப்பை வெறுமனே காப்பி செய்து ஒட்டினால் கணினி அதிலிருந்து கிளம்பாது.

3. கணினியை மறுபடி தொடங்கி, எதிலிருந்து கிளம்புவது என்று கேட்கும் பூட் மெனுவுக்குப் போங்கள். டெல், லெனோவோ என்றால் பெரும்பாலும் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, ஆசஸ் லேப்டாப் என்றால் எஸ்கேப். பொத்தானைப் பிடிக்க நேரம் போதவில்லை என்றால், விண்டோஸில் ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் பட்டியலில் 'யூஸ் எ டிவைஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

திரை வந்ததும் அழகை ரசிப்பதோடு நிறுத்தாதீர்கள். வைஃபையில் இணையுங்கள். ஸ்பீக்கர், ஹெட்ஃபோன், மைக் மூன்றையும் தனித்தனியே பாருங்கள். கேமராவைத் திறங்கள். திரை வெளிச்சத்தைக் கூட்டும் விசைகளை அழுத்துங்கள். பிரிண்டரில் ஒரு பக்கம் அச்சடியுங்கள். பிறகு லேப்டாப்பை மூடி, ஐந்து நிமிடம் கழித்துத் திறங்கள்; உறக்கத்திலிருந்து ஒழுங்காக எழுகிறதா, எழுந்த பிறகு வைஃபை மீண்டும் பிடிக்கிறதா என்பது முக்கியமான சோதனை. கைரேகை ரீடர் பல மாடல்களில் வேலை செய்யாது, அதை எதிர்பார்த்து இருக்காதீர்கள். வேகத்தை மட்டும் இப்போது எடை போடாதீர்கள், பென்டிரைவ் மெதுவானது.

வைஃபை பட்டியலே வரவில்லை என்றால் பெரும்பாலும் பிராட்காம் சிப்பாக இருக்கும். கைபேசியை யுஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டு இணையம் கொடுங்கள்; டிரைவர் மேனேஜரைத் திறந்தால் தேவையான டிரைவரைக் காட்டும். என்விடியா கார்டு உள்ள கணினியில் திரை கறுத்து நின்றால், பென்டிரைவின் தொடக்க மெனுவில் கம்பேட்டிபிலிட்டி மோட் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.

நிறுவும்போது இடறும் இடங்கள்

முதலில் பேக்கப். டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் நான்கையும் வெளி டிஸ்கில் எடுத்து, அந்த டிஸ்கை வேறொரு கணினியில் செருகி நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். பிரவுசரின் புக்மார்க், கடவுச்சொற்கள் ஆகியவற்றை மறக்க வேண்டாம். அவுட்லுக்கில் பழைய மின்னஞ்சல்கள் பிஎஸ்டி கோப்பாகக் கணினியில் மட்டும் இருந்தால், விண்டோஸ் இருக்கும்போதே அவற்றைச் சர்வரில் ஏற்றிவிடுங்கள். லினக்ஸுக்குப் போன பிறகு அந்தக் கோப்பைத் திறப்பது பெரும்பாடு.

நிறுவியில் டிஸ்கே தெரியவில்லை என்றால், இன்டெல் லேப்டாப்களில் சேமிப்பக அமைப்பு ஆர்எஸ்டி அல்லது விஎம்டி என்று வைக்கப்பட்டிருக்கும். பயாஸில் ஏஎச்சிஐ-க்கு மாற்றினால் தெரியும். விண்டோஸையும் வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு மாற்றக் கூடாது. முதலில் விண்டோஸை சேஃப் மோடில் (அடிப்படை டிரைவர்களோடு மட்டும்) கிளம்பும்படி அமைத்துவிட்டு, பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை ஏறி இறங்கினால்தான் விண்டோஸ் மீண்டும் எழும்.

செக்யூர் பூட் இயங்கும் நிலையில் என்விடியா டிரைவர் போன்றவற்றை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் வைக்கச் சொல்லும். மறுதொடக்கத்தில் ஒரு நீலத் திரை வரும். அதில் என்ரோல் எம்ஓகே என்பதைத் தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டும். என்னவோ ஏதோ என்று கன்டின்யூ அழுத்திவிடுபவர்களுக்குத்தான் டிரைவர் நிறுவியும் ஏறாமல் இருக்கிறது.

'டிஸ்கை அழித்து நிறுவு' என்ற பொருளில் வரும் தேர்வு முழு டிஸ்கையும் அழிக்கும். இரண்டு டிஸ்க் இருந்தால் கொள்ளளவைப் பார்த்து எது எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பேக்கப் டிஸ்கைக் கழற்றி வைத்துவிட்டே இதைச் செய்ய வேண்டும்.

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளம் வேண்டும் என்றால் இரண்டு தனி டிஸ்க் இருப்பதே நல்லது. ஒரே டிஸ்கில் வைத்தால் விண்டோஸின் பெரிய அப்டேட் பூட் வரிசையை மாற்றிவிடுவது உண்டு. வேறு வழியில்லை என்றால், இடத்தை விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சுருக்கி, லினக்ஸுக்கு 50 ஜிபியாவது ஒதுக்குங்கள். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். அது இயங்கினால் விண்டோஸ் முழுதாக மூடாமல் பாதி உறக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் விண்டோஸ் பகுதியை லினக்ஸில் திறந்தால் படிக்க மட்டுமே முடியும். மாறி மாறிப் போகும்போது கடிகாரம் சில மணி நேரம் தவறாகக் காட்டுவதும் பழுது அல்ல. கணினியின் உள்கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் எடுத்துக்கொள்வதால் வருவது.

தமிழ்த் தட்டச்சு

விண்டோஸ் 11, மேக் இரண்டிலும் தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் கூடவே வருகின்றன. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும். மின்ட்டில் ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி, அதற்கான எம்17என் தொகுப்பு இரண்டையும் நிறுவி, வெளியேறி மீண்டும் உள்நுழைந்தால் தமிழ்99, ஒலிபெயர்ப்பு இரண்டும் கிடைக்கும். யூனிகோடு வருவதற்கு முன்பு பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் இருந்தால் அந்த எழுத்துருக் கோப்பையும் பத்திரமாக எடுத்து வாருங்கள். அது இல்லாவிட்டால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துகளின் குவியலாகத்தான் தெரியும். யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ள இணையத்தில் எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன.

முதல் நாளிலும் முதல் மாதத்திலும்

நிறுவியதும் அப்டேட் மேனேஜரை ஓட்டி முடியுங்கள். அடுத்து டைம்ஷிஃப்டைத் திறந்து வாரம் ஒருமுறை நிலைப்பதிவு எடுக்கும்படி அமையுங்கள். ஒரு அப்டேட் கோளாறு செய்தால் முந்தைய நிலைக்குத் திரும்ப அதுதான் வழி. டைம்ஷிஃப்ட் காப்பது இயங்குதளத்தை மட்டும். உங்கள் படங்களும் ஆவணங்களும் அதில் இல்லை, அவற்றுக்குத் தனி பேக்கப் வேண்டும். மென்பொருள் தேவைப்பட்டால் விண்டோஸ் பழக்கத்தில் பிரவுசரில் தேடி இறக்காமல், முதலில் சாஃப்ட்வேர் மேனேஜரில் பாருங்கள்.

எஸ்எஸ்டி மாற்றிவிட்டு அதில் லினக்ஸ் போட்டிருந்தால், கழற்றிய பழைய டிஸ்கை ஒரு மாதம் அழிக்காமல் வைத்திருங்கள். பட்டியலில் விட்டுப்போன கோப்பு எதுவாவது இருந்தால் அதற்குள் நினைவுக்கு வந்துவிடும். விண்டோஸுக்கே திரும்ப வேண்டியிருந்தாலும் கவலை இல்லை. கணினியோடு வந்த டிஜிட்டல் உரிமம் பெரும்பாலும் மதர்போர்டோடு இணைந்தது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து நிறுவல் கோப்பை இறக்கி, முன்பு இருந்த அதே பதிப்பை, ஹோம் என்றால் ஹோம், புரோ என்றால் புரோ, நிறுவி இணையத்தில் இணைத்தால் எந்த எண்ணும் கேட்காமல் ஆக்டிவேட் ஆகிவிடும்.